ஒன்பதாம் சுற்றில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்

மேக்கன், ஜார்ஜியா
5 மே 1986

அன்புள்ள வில்மா,

இந்த உறையைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் முதல் பக்கத்தையாவது படித்துவிடு.

டிராஃப்ட் முடிந்தது. பன்னிரண்டு சுற்றில் நம் அமெரிக்கன் ஃபுட்பால் அணி பன்னிரண்டு கல்லூரிப் பையன்களை எடுத்திருக்கிறது. அதில் மூன்று பேர் நான் சுற்றுகிற தெற்குப் பகுதிக்காரர்கள். முதல் சுற்றில் எடுத்த ஆல்சீ டெவெரோ, பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவன். நான்காம் சுற்றில் வெண்டல் ஸ்ட்ரூப், எதிராளியை மறித்து நிற்கிறவன், நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைவிட அகலம். மூன்றாமவன் ஒன்பதாம் சுற்றில் வந்த ஓரின் டாக்கெட். கென்டக்கி மலைக்காட்டுப் பையன். குனிந்து நின்று, தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் நிற்பவன் கைக்கு எறிந்து கொடுக்கிறவன்.

என் ஸ்டிக்கரை அவனுக்குத்தான் ஒட்டினேன். ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைத் தேடுகிற ஒவ்வொரு ஸ்கவுட்டுக்கும் வருஷத்துக்கு ஒரே ஒரு சிவப்பு ஸ்டிக்கர். சுவர் முழுக்க எழுதியிருக்கும் பெயர்களில் எதற்குப் பக்கத்தில் அதை ஒட்டுகிறோமோ, அவனுக்காக நம் கழுத்தை ஈடு வைக்கிறோம். போன வருஷம் வரை எங்கே ஒட்டலாம் என்று நம் சமையலறையில் உன்னைத்தான் கேட்டேன். இந்த வருஷம் கேட்க ஆளில்லை, நானே ஒட்டிவிட்டேன்.

புது மேனேஜர் ப்ரூனர் எல்லார் முன்னாலும் சிரித்தார். "ஏம்பா எமரி, குனியிற பையனுக்கா ஒட்டுவ? ஜார்ஜியா வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா? சரி, எடுத்துத் தொலைக்கிறேன். செப்டம்பர்ல அவன் டீம்ல இருந்தா நீயும் இருப்ப."

ஜூலையில் பயிற்சி கேம்ப் உன் கல்லூரியில்தான். உணவுக்கூடம் உன் பொறுப்பு. ஸ்கவுட்டுகள் பக்கத்தில் வந்தாலே கோச்சுகளுக்குப் பிடிக்காது. ஆனால் கேம்ப் முடிகிறபோது எங்கள் பையன்களைப் பற்றி மறுமதிப்பீடு எழுதித் தர வேண்டுமாம். சாப்பாட்டு வரிசையில் அவர்களைப் பார்த்து நான்கு வரி எழுதி அனுப்புவாயா?

டிராஃப்டுக்காக நம் ஊருக்கே வந்து ஹோட்டலில் தங்கினேன். ஒரு சாயங்காலம் நம் தெரு வழியாகக் காரை ஓட்டிப் போனேன். நம் வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எமரி


டொலிடோ, ஒஹையோ
14 மே 1986

திரு. எமரி அவர்களுக்கு,

கார் போனதைப் பார்த்தேன். அந்தச் சைலன்சர் சத்தம் தெருவுக்கே தெரியும். நீங்கள் நிறுத்தாமல் போனதையும் பார்த்தேன்.

நான் உணவுக்கூடம் நடத்துகிறவள், உளவு பார்க்கிறவள் இல்லை. உங்கள் மூன்று பையன்களையும் அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட விடுவதுதான் எனக்கு மரியாதை.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். பத்திரிகையில் இந்த வருஷத்து டிராஃப்டுக்கு சி மைனஸ் என்று மட்டமான மார்க் போட்டிருக்கிறார்கள். கறிக்கடை லாட்ஸ்கோ பத்துப் பேர் நிற்கும்போது என்னைக் கேட்கிறார்: "என்ன வில்மா, உன் வீட்டுக்காரர் ஆறு மாநிலம் சுத்தினது ஒருத்தன் குனியிறதைப் பார்க்கவா? நானும்தான் தினம் குனியிறேன், என்னையும் ஒரு சுத்துல எடுக்கச் சொல்லேன்." ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கறியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டெவெரோ என்ற பெயர் எனக்கு முன்பே தெரியும். மார்ச்சில் என் வயிற்றிலிருந்த கட்டியை எடுத்த அன்று, நீங்கள் லூசியானாவில் ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு அவன் ஓடியதைப் பார்த்தீர்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தால் என் தங்கை புருஷன் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பிக்கொண்டிருக்கிறார். அந்த மனிதரோடு நான் சேர்ந்தாற்போல் ஐந்து வார்த்தை பேசியதில்லை. கட்டியில் புற்று இல்லை என்று டாக்டர் சொன்ன சேதியை அவரிடம்தான் முதலில் சொன்னேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு, ஆறெழுத்தில் ஓர் ஆற்றின் பெயர் கேட்டார்.

நீங்கள் மறுநாள் வந்தீர்கள். வந்தவரைப் போகச் சொன்னேன். இதில் புதிதாக எழுத ஒன்றுமில்லை.

வில்மா


மேக்கன்
22 மே 1986

வில்மா,

திட்டு. ஆனால் இந்த "நீங்கள்" மட்டும் வேண்டாம். பாதிரியார் முன்னால் நிற்கும்போதுகூட நீ என்னை அப்படிச் சொன்னதில்லை. "நேரா நில்லுடா" என்று காதுக்குள் அதட்டினாய்.

பையன்களைப் பற்றி எழுதக் கேட்டது ஒரு சாக்கு. நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு வருகிற தபால் முழுக்க வீட்டுக்கார அம்மாளுக்கு. உன் கையெழுத்தில் என் பெயர் எழுதி ஒரு உறை வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வந்துவிட்டது. சண்டை போடவாவது எழுது.

எமரி


டொலிடோ
21 ஜூலை 1986

எமரி,

சரி, நீ.

உன் பையன்கள் வந்து இறங்கிவிட்டார்கள். இதை மதிப்பீடு என்று எடுத்துக்கொள்ளாதே, வம்பு என்று எடுத்துக்கொள்.

டெவெரோவை வெறுக்க வேண்டும் என்று வசந்தகாலம் முழுக்கத் தயாராக இருந்தேன். முதல் நாளே வந்து தட்டை நீட்டி, "அம்மா, இந்தக் கோழிக் குழம்புல போட்டிருக்கிற மிளகாய்த்தூள் எந்த ஊரு? எங்க அம்மாவுக்கு வாங்கி அனுப்பணும்" என்றான். நம் ஹங்கேரிக் குழம்பைப் பற்றி இந்தக் கேம்ப்பில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு துண்டு கூடுதலாகவே விழுந்தது. நான் சொன்ன பேச்சை என் கையே கேட்கவில்லை. அவன் நன்றாக ஓடுகிறானாம். ஓடட்டும். இருந்தாலும் அவன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தையல் போட்ட இடம் வலிக்கிறது.

ஸ்ட்ரூப் மூன்று பேர் சாப்பாடு சாப்பிடுகிறான். புதுப் பையன்களை ராத்திரிச் சாப்பாட்டில் நாற்காலி மேல் ஏற்றிப் பாடச் சொல்வது வழக்கமாயிற்றே, அவன் ஏறினான், நாற்காலி உட்கார்ந்துவிட்டது. விழுந்தபடியே பாட்டை முடித்தான். அவன் தேறிவிடுவான்.

டாக்கெட் சாப்பிடுவதில்லை. சோளரொட்டி செய்து பார்த்தேன், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். அவனைப் பாடச் சொன்னார்கள். சர்ச்சில் பாடுகிற பாட்டு ஒன்றை எடுத்தான், எமரி, கத்திக்கொண்டிருந்த பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். முடித்ததும் நேரே வாசலிலிருக்கும் போன் பெட்டிக்குப் போனான். அவன் பெண்டாட்டி நெல்டாவுக்கு இது ஏழாம் மாதம். அவன் பேசுவது குறைவு. பெரும்பாலும் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

உன் ஸ்டிக்கர் வீண்தானா என்று தெரிந்துகொள்ளப் பின்வாசல் வழியாக மைதானத்துக்குப் போனேன். "அந்தக் கென்டக்கிப் பையன் எப்படி?" என்று உதவிக் கோச்சைக் கேட்டேன். "ரொம்ப நல்லவன்மா. அவன் பேரே எனக்கு இன்னும் ஞாபகம் வரல. தப்பு பண்ணினாத்தானே பேரு தெரியும்" என்றார். அவர் பாராட்டித்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் வீட்டில் இத்தனை வருஷம் நான் பார்த்த உத்தியோகமும் அதுதான்.

வில்மா


மேக்கன்
30 ஜூலை 1986

அன்புள்ள வில்மா,

உன் கடிதங்கள் இரண்டையும் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன், வேர்வையில் மை கலங்கிவிட்டது. தங்கை புருஷன் கதையைப் படித்தபோது அழுகை வந்தது, நாற்காலி கதையைப் படித்தபோது சிரித்தேன். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறவனைப் பார்த்துப் பரிமாறுகிற பெண், "என்ன சார், நல்ல சேதியா?" என்றாள். "வீட்லேர்ந்து லெட்டர்" என்றேன். அப்படிச் சொல்லும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நீ எதிரில் உட்கார்ந்து என் தட்டிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துத் தின்பாயே, அதை யாரும் எடுக்காததால் இப்போதெல்லாம் மிச்சம் வைக்கிறேன்.

டாக்கெட்டை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று உனக்குச் சொல்லவில்லை. போன நவம்பரில் வேறொருவனைப் பார்க்கத்தான் அந்த ஊருக்குப் போனேன். கொட்டுகிற மழை, முழங்கால் வரை சேறு. எல்லார் கையிலிருந்தும் பந்து வழுக்குகிறது. இவன் எறிந்தது மட்டும் ஒவ்வொரு தடவையும் பின்னால் நின்றவன் நெஞ்சுக்கு நேராகப் போய் நின்றது. ஒருவரும் கைதட்டவில்லை. நான் தட்டினேன், பக்கத்துக் குடைக்காரர் என்னை முறைத்தார்.

அவனைப் பார்த்துக்கொள், வில்மா. பேசிப் பேசிச் சாப்பிட வை. வீட்டு ஏக்கமெல்லாம் மூன்று வாரம்தான். எல்லாருக்கும் தீர்ந்துவிடும். அவன் அணியில் நிலைத்துவிட்டால் எனக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை. அதோடு முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன், சத்தியமாக.

உன் எமரி


டொலிடோ
11 ஆகஸ்ட் 1986

எமரி,

டாக்கெட் போய்விட்டான். அவனை பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டது நான்தான். மேனேஜர் உனக்குச் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம், பயிற்சி முடிந்து எல்லாரும் படுத்திருக்கிற நேரம். நான் பின்வாசலில் காய்கறி வண்டிக்காகக் காத்திருந்தேன். தோளில் பையோடு வந்தான்.

"அம்மா, பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்?"

"நடந்து போற தூரம் இல்லப்பா. உன்னை டீமை விட்டு அனுப்பிட்டாங்களா?"

"இல்லம்மா. நேத்து கோச் தோள்ல தட்டி, 'இந்த ஊர்ல ஒரு வீடு பார்த்துக்கோ'ன்னாரு. அதான் பயமாயிடுச்சு. நான் தங்கிடுவேன் போல."

நீ சொல்லச் சொன்னதையெல்லாம் சொன்னேன், எமரி. சத்தியமாகச் சொன்னேன். "பெண்டாட்டியைக் கூட்டிட்டு வந்துடேன்" என்றேன். "அவங்க அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, அவ வர மாட்டா" என்றான். "ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா உன் புள்ளைக்கு ஆகும்ல?" என்றேன். தலையை ஆட்டினான். பையைக் கீழே இறக்கினான். கிட்டத்தட்டத் திரும்பிவிட்டான்.

அப்புறம் கேட்டான்: "என்னைப் பார்க்க மழையில வந்தாரே, அவரு உங்க வீட்டுக்காரர்னு சொன்னாங்க. இந்த வேலையில அவரு வீட்டுக்கு வர்றதே இல்லியாமே. அது உங்களுக்குப் பழகிடுச்சாம்மா?"

பழகிவிடும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இல்லப்பா, பழகல" என்று வந்துவிட்டது. அவன் பையை எடுத்துக்கொண்டான். நான் கார் சாவியை எடுத்தேன்.

எல்லாருக்கும் தீர்ந்துவிடும் என்று எழுதினாயே. யாரைக் கேட்டு எழுதினாய்? ஒவ்வொரு செப்டம்பரிலும் நீ கிளம்பிய பிறகு உன் பக்கத்துத் தலையணை உறையைத் துவைக்காமல் வைத்திருப்பேன். வாசனை போன பிறகுதான் துவைப்பேன். இத்தனை வருஷமாக இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

திரும்பி வரும்போது வழியெல்லாம் ஒரே யோசனை. அவனுக்காகச் செய்தேனா, அவன் போனால் உன் வேலை போகும், வேலை போனால் நீ வருவாய் என்று செய்தேனா? எனக்கே தெரியவில்லை. அதனால் ஒன்று சொல்கிறேன். வேலை போய்விட்டது என்று இங்கே வந்து நிற்காதே. அவர்கள் வேண்டாம் என்று தள்ளியதால் வருகிறவன் எனக்கு வேண்டாம்.

வில்மா


மேக்கன்
16 ஆகஸ்ட் 1986

வில்மா,

ப்ரூனர் போனில் பேசியதை எழுத முடியாது. காசு கொடுத்தாலும் கிடைக்காத வசவு அது. அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதற்கு மாதக் கடைசி வரை கெடு.

நான் கழுத்தை வைத்தேன், நீ கத்தியை எடுத்துக் கொடுத்துவிட்டாய். இதற்குமேல் எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

எமரி


பைக்வில், கென்டக்கி
27 ஆகஸ்ட் 1986

வில்மா,

கோபத்தில் எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன்.

இன்று மலையேறி ஓரின் டாக்கெட் வீட்டுக்குப் போனேன். ஆட்ட உத்திகள் எழுதிய பிளேபுக், புதுச் சட்டை, மேனேஜர் கையெழுத்துப் போட்ட காகிதம் எல்லாம் காரில் இருந்தது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இருபது வருஷமாக அம்மாக்களிடமும் பெண்டாட்டிகளிடமும் பேசிப் பேசி இந்த வாய் தேய்ந்திருக்கிறது, உனக்குத் தெரியுமே.

நெல்டா வெளியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் காரைப் பார்த்ததும் கையிலிருந்த ஈரச் சட்டையை அப்படியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அது அவன் சட்டை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு காரைவிட்டு இறங்கவே எனக்குக் கால் வரவில்லை.

ஓரின் காபி கொடுத்தான். "சார், என்னைக் கூட்டிட்டுப் போகவா வந்தீங்க?"

"இல்ல, இந்தப் பக்கமா வந்தேன். அப்படியே உன்னைப் பார்த்துட்டுப் போகலாம்னு."

நெல்டா சொன்னாள்: "இந்த மலையில யாரும் அப்படியே வர மாட்டாங்க சார். கேட்க வந்ததைக் கேட்டுடுங்க."

"பொண்ணா, பையனா, என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். அப்புறம் அவரைக்காய் வேகவைத்ததும் சோளரொட்டியும் போட்டாள். ஓரின் தட்டை வழித்துச் சாப்பிட்டான், வில்மா. நீ பார்த்திருக்க வேண்டும்.

காகிதத்தை வெளியில் எடுக்காமலே வந்துவிட்டேன். இங்கே லாட்ஜில் உட்கார்ந்து மறுமதிப்பீட்டை எழுதி முடித்தேன். டெவெரோ: வருஷக் கடைசியில் இந்த ஊர் அவன் பெயரைக் குழந்தைகளுக்கு வைக்கும். ஸ்ட்ரூப்: தேறுவான், வலுவான நாற்காலி தேவை. டாக்கெட்: நான் பார்த்ததிலேயே சுத்தமான கை, வீட்டை விட்டு வர மாட்டான், என் ஸ்டிக்கரை மாற்றிக்கொள்ள விரும்பவில்லை. இதைப் படித்ததும் ப்ரூனர் என்னை அனுப்பிவிடுவார்.

வேலை போனால் வராதே என்றாய். வர மாட்டேன். ஆனால் வேறு எங்கே போவது என்று யோசித்தால் ஒரு ஊர் பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

எமரி


மேக்கன்
4 செப்டம்பர் 1986, காலை

என் வில்மா,

வேலை போகவில்லை. கேட்டால் சிரிப்பாய். பயிற்சி ஆட்டங்களில் டெவெரோ ஓடிய ஓட்டத்தில் ப்ரூனருக்கு டாக்கெட் என்று ஒருவன் இருந்ததே மறந்துபோய்விட்டது. "தெற்கை நீயே பார்த்துக்கோ எமரி, உன் கண்ணு கண்ணுதான்" என்று இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். உன் ஆபரேஷன் அன்று நான் நேரம் பார்த்த அதே பையன்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறான். அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். துணி காயப்போட்ட அந்தப் பெண்ணின் முகம் வந்தது. அப்புறம் அது உன் முகமாகிவிட்டது. நான் ஒவ்வொரு செப்டம்பரிலும் காரில் பெட்டியை ஏற்றும்போது நீயும் எதையாவது கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பாய். கார்க் கண்ணாடியில் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். போனில் சொன்னபோது ப்ரூனர், "பைத்தியமாடா உனக்கு?" என்றார். "ஆமாம் சார், ரொம்ப நாளா" என்றேன். யாரும் என்னைத் தள்ளவில்லை, வில்மா. நானாகத்தான் வருகிறேன்.

இதைத் தபாலில் போட்டுவிட்டுக் காரை எடுக்கிறேன். இது உன் கைக்கு வருவதற்கு முன்னாலேயே நான் வந்து சேர்ந்துவிடலாம். பிறகு ஏன் எழுதுகிறேன் என்றால், வாசலில் உன்னைப் பார்த்ததும் எனக்கு வாய் வராது. நீ கதவைத் திறக்காவிட்டால் படியிலேயே உட்கார்ந்து தபால்காரருக்காகக் காத்திருப்பேன்.

எமரி


டொலிடோ
4 செப்டம்பர் 1986, மாலை

எமரி,

உனக்கு இரண்டு வருஷம் ஒப்பந்தம் போட்டிருப்பதாக இன்று கறிக்கடையில் சேதி. லாட்ஸ்கோ கை குலுக்கினார். "உன் வீட்டுக்காரர் பெரிய ஆளும்மா, டெவெரோவைப் புடிச்சாரே!" என்று அரைக் கிலோ எலும்புக்கறி சும்மா கொடுத்தார். நானும் சிரித்து வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அழுதேன்.

மலையிலிருந்து நீ எழுதிய கடிதம் மேஜை மேல் இருக்கிறது. அந்தப் பையனை நீ கூட்டிக்கொண்டு வராமல் விட்ட அன்றே நான் எழுதியிருக்க வேண்டும். பெரிய ரோஷக்காரி மாதிரி, வேலை போய் வராதே என்று சட்டம் பேசிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது வேலையும் போகவில்லை. நீ வருவதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. அதனால் நானே கேட்டுவிடுகிறேன்.

வந்துவிடு. வேலையை விட்டுவிட்டு வா, முடியாவிட்டால் இரண்டு ஊருக்கு நடுவில் ஒரு நாள் இறங்கியாவது வா. சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போகாது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், எமரி. இதைச் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

நாளைக் காலைத் தபாலில் இதைச் சேர்த்துவிடுகிறேன். கைக்குக் கிடைத்ததும் கிளம்பு. பதில் எழுதிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்காதே.

வில்மா